துப்பாக்கி பயிற்றிய ஆசிரியர்: ஸ்ரீ வ.வே.சு. ஐயர்

ஏலகிரி மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் இளைஞர் நம்மைக் காண வந்தார். ஆம்பூரில் தோல் பதனிடும் ஆலை ஒன்றில் கணக்கெழுதுபவர். துப்பாக்கி சுடும் வித்தையை முறையாகக் கற்றுச் சான்றிதழ் பெற்று, பிறருக்கு அதைப் பயிற்றும் ஆசிரியராக வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய ஆவல். அதற்கான பயிற்சி எங்கே கிடைக்கும், சட்டம் என்ன சொல்லுகிறது என்பதை நம்மிடம் கேட்டறிய விரும்பினார். சட்ட விஷயமாகையால் நமக்குத் தெரிந்ததைச் சொன்னோம். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் கீழ் 2016-இல் செய்யப்பட்ட விதிகள், லைசென்ஸ் கோருவோர் துப்பாக்கியையும் தோட்டாவையும் அபாயமின்றிக் கையாளும் பயிற்சியைப் பெற்றுச் சான்று காட்ட வேண்டும் என்று விதிக்கின்றன. அப்பயிற்சியைத் தருவோரும் அங்கீகாரம் பெற்றவராயிருத்தல் வேண்டும். 1951-இல் தோன்றிய தேசிய ரைபிள் சங்கத்தையும் அதனைச் சார்ந்த மாநிலச் சங்கத்தையும் அணுகுமாறு கூறினோம். பட்டாளத்தில் பயின்று ஓய்வு பெற்று வந்தவர்களுக்கு வேலூர்ப் பக்கத்தில் பஞ்சமில்லை; அவர்களிடமும் யோசனை கேட்கலாம் என்றோம்.

இளைஞர் குறித்துக்கொண்டார். ஆனால் எழுந்து போகும்போது மற்றொரு கேள்வி கேட்டார். நம் தமிழரில் எவரேனும் கூலிக்காக அன்றித் தம் மனப்பூர்வமாக இவ்வித்தையைத் தேடிக் கற்றுப் பிறருக்குக் கற்பித்ததுண்டா என்பதே அது. அதற்கு வாசலில் நின்றபடி விடை சொல்லிவிட முடியவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறோம்.

கூலிக்காகக் கற்றவர்களின் கதை அவ்விளைஞருடைய ஊரிலேயே தொடங்குகிறது. 1749 ஆகஸ்டில், ஆம்பூர்க் கணவாயில் ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் முதுமைப் பருவத்தில் யானை மீதிருந்தபடியே குண்டடிபட்டு மாண்டார். அவரை வென்றவர் சந்தா சாஹிபும் முஸாபர் ஜங்கும் என்று சரித்திரம் சொன்னாலும், வென்ற பக்கத்தில் நின்றவை பிரெஞ்சுப் படையும், பிரெஞ்சுக்காரர் பழக்கிய நம் நாட்டுச் சிப்பாய்களின் துப்பாக்கிகளுமே. எண்ணிக்கையைவிடப் பயிற்சி பெரிது என்பதை அயலார் அன்று கண்டுகொண்டார்கள். அதன் பின்னர் நம்மவருக்குத் துப்பாக்கி பயிற்றிய ஆசிரியர்கள் எல்லோரும் வெள்ளையரே. 1806 ஜூலை 10-ஆம் தேதி வேலூர்க் கோட்டையில், தோல் பட்டம் வைத்த புதுத் தலைப்பாகையைச் சகியாமல் அச்சிப்பாய்கள் திரும்பிச் சுட்டபோது ஆசிரியர் வர்க்கம் திடுக்கிட்டது. 1857-க்குப் பிறகு அத்திடுக்கம் சட்டமாகவே உருவெடுத்தது. லிட்டன் பிரபுவின் காலத்தில் 1878-இல் பிறந்த ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்த இந்தியனுக்கு மூன்று வருஷம் வரை சிறை விதிக்கலாம். ஐரோப்பியருக்கோ விலக்கு. ஜாதி பார்த்து அளித்த இந்த விலக்கு சுமார் 40 வருஷம் நீடித்தது. நாடு முழுவதையும் நிராயுதபாணியாக்கிய இச்செயலை, அஹிம்ஸையே உருவான காந்தியடிகளும் ஆங்கில ஆட்சியின் மிகக் கொடிய செயல்களில் ஒன்றாக எண்ணினார் என்பதை நேயர்கள் மறக்கலாகாது.

இச்சட்டம் பிறந்து மூன்று வருஷத்துக்குள், 1881 ஏப்ரல் 2-ஆம் தேதி, திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் சுப்பிரமணியம் பிறந்தார். வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் என்ற நீண்ட பெயரே பிற்காலத்தில் வ.வே.சு. ஐயர் எனச் சுருங்கியது. திருச்சி அர்ச்சூசையப்பர் கல்லூரியில் படித்து பி.ஏ. தேறினார். லத்தீன் பாஷையிலும் அவருக்கு நல்ல பயிற்சி உண்டு. இருபது வயதிலேயே பிளீடர் பரீக்ஷையும் தேறித் திருச்சிக் கோர்ட்டுகளில் தொழில் நடத்தினார். பின்பு ரங்கூன் சென்று அங்கே ஓர் ஆங்கில பாரிஸ்டரிடம் ஜூனியராயிருந்தார். இதுவரையில் அவருடைய வாழ்க்கைக்கும், அக்காலத்துப் படித்த பிராமண வாலிபர் நூற்றுவருடைய வாழ்க்கைக்கும் வேறுபாடு காண்பதரிது. 1907-இல் பாரிஸ்டர் பட்டம் பெறுவதற்காக லண்டன் போய் லிங்கன்ஸ் இன் என்னும் சட்டக் கழகத்தில் சேர்ந்தார். தங்கிய இடம் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா நிறுவிய இந்தியா விடுதி. அங்கே வினாயக தாமோதர சவர்க்கார் இருந்தார். சட்டப் புஸ்தகங்கள் ஒருபுறம் இருக்க, வேறொரு பாடம் ஆரம்பமாயிற்று.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். திருச்சியில் ஐயர் ஒரு கைத்துப்பாக்கியைத் தொட்டிருந்தால் குற்றவாளி. அதே மனிதர் லண்டனில் பத்து ஷில்லிங் கட்டித் தபாலாபீஸில் துப்பாக்கி லைசென்ஸ் வாங்கலாம். அதைக் காட்டிக் கடையிலே பிஸ்டல் வாங்கலாம். 1903-ஆம் வருஷத்து ஆங்கிலப் பிஸ்டல் சட்டம் அதற்குமேல் பெரிய தடை எதுவும் வைக்கவில்லை. அடிமை நாட்டில் மறுக்கப்பட்ட வித்தையை ஆள்வோர் தலைநகரிலேயே காசு கொடுத்துக் கற்கலாம் என்ற நிலை. டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு 92-ஆம் எண்ணுள்ள கட்டடத்தில் துப்பாக்கி சுடும் கூடம் ஒன்று இருந்தது. வேடிக்கை விளையாட்டுக்காக ஏற்பட்ட ஸ்தலம். அங்கேதான் மதன்லால் திங்கரா சுமார் மூன்று மாதம், வாரத்தில் இரண்டு மூன்று தடவை சென்று பழகினார். 1909 ஜூலை முதல் தேதி மாலையிலும் அங்கே போய்ப் பன்னிரண்டு வேட்டுகள் சுட்டுப் பார்த்துவிட்டு, அன்றிரவே கர்ஸன் வைலியைச் சுட்டுக் கொன்றார். ஆகஸ்ட் 17-ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். அதே கூடத்தில் வாக்குரிமை கேட்ட ஆங்கில மாதர் இருவரும் சுட்டுப் பழகுவதாகப் போலீஸாருக்குத் தகவல் வந்து, பிரதம மந்திரி ஆஸ்குவித்தின் உயிருக்கு அபாயமோ என்று அவர்கள் கவலைப்பட்டார்கள் என்பது பிற்காலத்தில் வெளியான ஆங்கில சர்க்கார் தஸ்தாவேஜுகளால் தெரிகிறது. உரிமை மறுக்கப்பட்டோர் பலரும் அந்த ஒரே வாசலில் நுழைந்தார்கள் போலும்.

ஐயரும் அங்கே பழகியதை ரகசியப் போலீஸார் குறித்து வைத்தார்கள். குறி பார்த்தல் என்பது கண்ணை மட்டும் பொறுத்ததன்று. மூச்சு நிலைக்க வேண்டும்; மணிக்கட்டு அசையாதிருக்க வேண்டும்; விரல் விசையை வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல அழுத்த வேண்டும். கோபமோ பதற்றமோ உள்ளவன் கையில் குறி நிற்பதில்லை. லத்தீனும் கம்பனும் படித்துப் பொறுமையில் ஊறிய மனத்துக்கு இது விரைவில் கைவந்ததில் ஆச்சரியமில்லை. பெல்ஜியம் தேசத்தில் செய்த பிரௌனிங் என்னும் தானே தோட்டா நிரப்பிக்கொள்ளும் பிஸ்டல் அக்காலத்தில் புதுமை. சட்டைப் பைக்குள் அடங்குவது. சவர்க்கார் அவ்வகைப் பிஸ்டல்கள் இருபதை 1909 தொடக்கத்தில் பம்பாய்க்கு அனுப்பினார். அவற்றில் ஒன்றினால் அவ்வருஷம் டிஸம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்ஸன் கொலையுண்டார்.

அந்த வருஷத்திலேயே இதற்கு மறுப்பும் லண்டனில் எழுந்தது. அக்டோபரில் அங்குள்ள இந்தியர் நடத்திய விஜயதசமி விருந்துக்குத் தலைமை வகிக்கத் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த காந்தி சம்மதித்தார். சவர்க்காரும் பேசினார். ராமனின் பெயரால் இருவரும் எதிரெதிர் மார்க்கங்களைப் போதித்தார்கள். அடுத்த மாதமே கப்பலில் திரும்பும் வழியில் காந்தி எழுதி முடித்த ஹிந்த் ஸ்வராஜ் என்ற நூல், லண்டனில் தாம் கண்ட இந்த வாலிபர்களுக்கு அளித்த விடையே. ஐயர் அவ்விடையை ஏற்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

பாரிஸ்டர் பட்டம் என்னவாயிற்று என்று நம் தொழிலைச் சேர்ந்தவர்கள் கேட்கக்கூடும். படிப்பு முடிந்தது. ஆங்கில மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தால்தான் பட்டம் என்றார்கள். ஐயர் மறுத்துவிட்டார். எத்தனை வருஷச் செலவு, எத்தனை குடும்ப நம்பிக்கை அந்த ஒரு மறுப்பில் கரைந்தது என்பதைப் பிரமாணம் செய்து பட்டம் வாங்கிய நம் போன்றோர்தான் சரியாக மதிப்பிட முடியும்.

1910 மார்ச்சில் சவர்க்கார் கைதியானார். ஐயரைப் பிடிக்கவும் வாரண்டு பிறந்தது. பாரிஸுக்குத் தப்பினார், அங்கிருந்து தாடி வளர்த்து வேற்று வேடத்தில் கிழக்கு நோக்கிக் கப்பலேறினார். பெட்டியிலிருந்த வி.வி.எஸ். என்ற எழுத்துக்களைக் கண்டு ஐயுற்ற துப்பறிவோனிடம், அவை வீர விக்கிரம சிங் என்ற தம் பெயரின் எழுத்துக்கள் என்று சொல்லித் தப்பியதாக ஒரு கதை தமிழ்நாட்டில் வழங்குகிறது. 1910 டிஸம்பரில் புதுச்சேரியில் இறங்கினார். பிரெஞ்சு எல்லையாகையால் ஆங்கிலப் போலீஸின் கை அங்கே எட்டாது. பாரதியாரும் அரவிந்தரும் முன்பே அங்கிருந்தார்கள்.

கற்றவர் கற்பிக்கத் தொடங்கியது இங்கேதான். சுற்றுப்புறத்து இளைஞர்கள் அவரிடம் வந்தார்கள். ஊருக்கு வெளியே சுட்டுப் பழகினார்கள். 1911 ஜனவரியில் புனலூர்க் காட்டிலாகாவில் குமாஸ்தாவாயிருந்த ஒரு செங்கோட்டை வாலிபர் மூன்று மாத லீவு எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்கு வந்தார். அவரே வாஞ்சிநாதன். வயது இருபத்தைந்து. ஐயரிடம் தங்கிக் கைத்துப்பாக்கி பழகினார். இதற்குச் சான்று யாதெனில், 1918-இல் வெளியான ரௌலட் கமிட்டியின் அறிக்கையே. ஐயருக்கு எந்தச் சங்கமும் ஆசிரியர் சான்றிதழ் தரவில்லை. அவரைப் பிடிக்க விரும்பிய சர்க்காரே அச்சிட்டுக் கொடுத்தது!

1911 ஜூன் 17-ஆம் தேதி முற்பகலில், மணியாச்சி ஜங்ஷனில் நின்றிருந்த ரயிலின் முதல் வகுப்பு வண்டியில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் தம் மனைவியுடன் அமர்ந்திருந்தார். கொடைக்கானலுக்குப் பிரயாணம். வாஞ்சி வண்டியில் ஏறி, கையெட்டும் தூரத்தில் நின்று பிரௌனிங் பிஸ்டலால் சுட்டார். பின்பு ஓடி ஒதுங்கித் தம்மையும் சுட்டுக்கொண்டு மாண்டார். தொடர்ந்து நடந்த திருநெல்வேலிச் சதி வழக்கில் பதினான்கு பேர் நிறுத்தப்பட்டார்கள். நீலகண்ட பிரம்மசாரிக்கு ஏழு வருஷம் தண்டனை. தென்னாட்டில் இவ்வகையான வீரச்செயல் அதுவே முதலும் கடைசியுமாக நின்றது.

வாஞ்சியின் துணிவை நம் பத்திரிகை என்றும் குறைத்துப் பேசியதில்லை. கப்பலோட்டிய சிதம்பரம் பிள்ளையவர்களைச் சிறையில் செக்கிழுக்க வைத்த ஆட்சியின்மேல் தமிழ் இளைஞர் கொண்ட கோபம் நியாயமானது. ஆனால் இந்த விஷயத்தில் ஆசிரியரின் பொறுப்பு என்ற ஒன்று உண்டு. பல வருஷங்களாக நம் மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கும் அதைச் சொல்லிவிடுவது நல்லது. பிஸ்டல் பயின்ற மாணவன் மணியாச்சியில் இறந்தான். அவனுடைய தோழர்கள் சிறை புகுந்தார்கள். பயிற்றியவர் பிரெஞ்சு எல்லைக்குள் உயிரோடிருந்தார். ஐயர் கோழையல்லர். எல்லை தாண்டினால் தூக்குமரமே காத்திருந்தது. எனினும் குறி பார்க்கக் கற்பித்தவர், எதைக் குறிபார்ப்பது, ஏன் என்பதையும் கற்பிக்கக் கடமைப்பட்டவர். வாஞ்சியின் சட்டைப் பையில் கிடைத்த கடிதத்தைப் படிப்போர் வருந்தவே நேரும். அதில் தேச பக்தி இருக்கிறது. உயிரைத் துரும்பாக மதித்த உறுதியும் இருக்கிறது. அவற்றோடு வருணாசார வைராக்கியமும், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை இழிக்க நம் நாட்டுத் தீண்டாதாரின் பெயரையே வசவாகக் கொண்ட கொடுமையும் கலந்திருக்கின்றன. எந்த நாட்டுக்காக அவர் உயிர் கொடுத்தாரோ அந்நாட்டு ஜனங்களில் ஐந்தில் ஒரு பங்கினர் அந்தச் சொல்லுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. கை பழகிவிட்டது; மனம் பழகவில்லை.

புதுச்சேரி வாசம் அதன்பின் கடினமாயிற்று. ஒற்றர் கூட்டம் தெருவெங்கும். 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி ஜெர்மானிய எம்டன் கப்பல் சென்னையைக் குண்டு வீசித் தாக்கியதும், புதுச்சேரியிலிருந்த சுதேசிகளை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிடும்படி ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரை நெருக்கினார்கள். அந்த நெருக்கடியில்தான் ஐயர் எழுதுகோலைப் பற்றினார். திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1916-இல் வெளியிட்டார். தமிழில் சிறுகதை என்ற புதுத் துறைக்கு முதல்வராகப் பலர் அவரையே கொள்ளுகிறார்கள். அதைப் பற்றி இலக்கியப் பத்திரிகைகள் வேண்டியமட்டும் எழுதியுள்ளன. நாம் எழுத வேண்டுவதில்லை. நாம் கவனிப்பது யாதெனில், கொல்லாமையை ஓர் அதிகாரமாக வைத்த நூலை, நாடெங்கும் துப்பாக்கி ஆசிரியர் என்று பெயரெடுத்தவர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார் என்பதே.

யுத்தம் முடிந்து பொதுமன்னிப்பு வந்ததும் 1920-இல் ஆங்கில எல்லைக்குள் திரும்பினார். திரு. வி. கலியாணசுந்தர முதலியார் நடத்தி வந்த தேசபக்தன் பத்திரிகையின் ஆசிரியப் பதவி அவருக்குக் கிடைத்தது. காங்கிரஸில் சேர்ந்து ஒத்துழையாமையையும் அஹிம்ஸையையும் ஏற்றார். இது சந்தர்ப்பத்துக்காக மேற்கொண்ட வேஷம் என்று சிலர் அன்று பேசினார்கள். 1921-இல் ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு ஒன்பது மாதம் சிறையிருந்தபோது, கம்ப ராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஆராய்ச்சி நூல் எழுதினார். வேஷதாரி அவ்விதம் காலம் கழிப்பதில்லை.

சிறையிலிருந்து வெளிவந்தவர் மறுபடியும் ஆசிரியரானார். திருநெல்வேலி ஜில்லா சேரன்மாதேவியில், தாமிரபரணிக் கரையில், தமிழ்க் குருகுலம் நிறுவினார். அங்கே கைத்துப்பாக்கி இல்லை. தமிழும் தேசியமும் கைத்தொழிலும் உடற்பயிற்சியும் பாடங்கள். கட்டான தேகமும் அஞ்சாத மனமும் உடைய தமிழ்ப் பிள்ளைகளை ஆக்கவேண்டும் என்ற பழைய வேட்கை போகவில்லை. ஆயுதம் மட்டும் மாறிற்று. தமிழ்நாட்டுக் காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் உதவ இசைந்து, முதலில் ஐயாயிரம் தந்தது.

அதன்பின் நடந்தது நம் மாகாணத்தின் அரசியலையே திசை திருப்பிற்று. பிராமணப் பிள்ளைகள் இருவர் தனியே உண்ண அனுமதிக்கப்பட்டார்கள் என்ற செய்தி வெளிவந்தது. பெற்றோருக்குக் கொடுத்த வாக்கை மீற முடியாது என்றார் ஐயர். தாம் எல்லோருடனும் அமர்ந்து உண்ணுவதையும் சுட்டினார். டாக்டர் வரதராஜுலு நாயுடு தம் தமிழ்நாடு பத்திரிகையில் கடுமையாகக் கண்டித்தார். கமிட்டியின் காரியதரிசியாயிருந்த ஈ.வெ. ராமசாமி நாயக்கர் மீதி ஐயாயிரத்தைக் கொடுக்க மறுத்தார். 1925-இல் மாகாணக் கமிட்டியில் இதன்மேல் பெரும் விவாதம் நடந்தது. பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்ற தீர்மானம் நிறைவேறியதும் சிலர் ராஜிநாமாச் செய்தார்கள். ஐயரும் குருகுலத் தலைமையை விட்டு விலகினார். அவ்வருஷ இறுதியில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து நாயக்கர் வெளியேறினார். அவர் திரும்பி வரவேயில்லை.

நம் பக்கத்தைச் சேர்ந்தவர்களில் பலர் இக்கதையைச் சொல்லும்போது ஐயரை எதிரிகளின் துவேஷத்துக்குப் பலியானவராகச் சித்திரிப்பதுண்டு. நாம் அவ்விதம் எழுத மாட்டோம். ஐயர் தவறினார். இரண்டு இலைகள் தனியே விழுந்ததைச் சிறு காரியம் என்று அவர் எண்ணினார். பிள்ளைகளுக்கோ அதுவே அங்கே கற்ற பெரிய பாடமாகிவிட்டது. சமையலறைக்கு அப்பால் நின்று பார்த்த பையன் பாரதியின் பாட்டை எவ்வளவு கேட்டும் என்ன நம்பியிருப்பான்? வாஞ்சியின் கடிதத்தில் இருந்த அந்த ஊனத்தை, பதினான்கு வருஷத்துக்குப் பின்னும் அவருடைய ஆசிரியர் தம் பள்ளிக்கூடத்தில் கண்டுபிடித்து நீக்கவில்லை. கொடுத்த வாக்கைக் காக்க வேண்டும் என்ற நேர்மையே இங்கே அவருக்குக் கண்ணை மறைத்தது என்று நாம் நம்புகிறோம். எனினும் பணத்துக்கோ பதவிக்கோ அவர் ஒருபோதும் வளைந்தவரல்லர் என்பதை அவருடைய எதிரிகளும் மறுக்கவில்லை.

1925 ஜூன் மாதம். குருகுலப் பிள்ளைகளுடன் ஐயர் பாபநாசத்துக்குச் சென்றிருந்தார். கலியாண தீர்த்தத்தருகே அருவி நீரோட்டத்தைத் தாண்டும்போது அவருடைய மகள் சுபத்திரை கால் தவறி விழுந்தாள். ஐயர் தயங்காமல் குதித்தார். சுழலினின்றும் இருவரும் மீளவில்லை. அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

ஏலகிரி இளைஞருக்கு நாம் தரும் தகவல் இவ்வளவே. வரகனேரியில் ஐயர் பிறந்த வீடு இன்று நினைவில்லமாகவும் நூலகமாகவும் இருக்கிறது. திருச்சிக்குப் போக நேர்ந்தால் ரயிலடியிலிருந்து அதிக தூரமில்லை, பார்த்து வரலாம்.